தேய்ந்த பிரேக், கிளட்ச் பாகங்களுக்குச் சரியான மாற்றுப் பாகத்தைத் தேடி வாங்குவது

ஸ்பேர் பார்ட்ஸ் கடை வாசலில் நின்று வண்டியின் பெயரை மட்டும் சொல்லி, "பின் பிரேக் ஷூ ஒரு செட் கொடுங்க" என்று கேட்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. ஒரே பெயரில் பல ஆண்டுகளாக விற்கப்படும் இருசக்கர வண்டிகளில் உள்பாகங்கள் நடுவே மாறியிருக்கும். நூறு சிசி வண்டிகளில், ஷூ உட்புறமிருந்து அழுத்திப் பிடிக்கும் சக்கர டிரம் 110 மில்லிமீட்டர் விட்டத்திலும் உண்டு, 130 மில்லிமீட்டர் விட்டத்திலும் உண்டு. 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான புதிய வண்டிகளுக்கு முன், பின் பிரேக்குகளை இணைக்கும் சிபிஎஸ், அல்லது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானதால், அதற்கு முந்தைய வண்டியின் கேபிளும் பெடல் பாகங்களும் பிந்தைய வண்டிக்குப் பொருந்தாமல் போகலாம். ஆகவே கடைக்குப் புறப்படும் முன் ஆர்.சி.யில் உள்ள பதினேழு எழுத்துச் சேசிஸ் எண்ணையும், வண்டி தயாரான மாதத்தையும் ஆண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் ஒரு பையில் போட்டு உடன் எடுத்துச் செல்லுங்கள்.

எதை வாங்க வேண்டும் என்பது கழற்றிப் பார்த்த பிறகுதான் தெரியும். டிரம் பிரேக் உள்ள பல வண்டிகளில், கேபிளோ கம்பியோ இழுக்கும் பிரேக் கை பொருந்தும் இடத்தில் ஒரு சிறிய அம்பும், பிரேக் தட்டில் ஒரு குறியும் இருக்கும். பிரேக்கை முழுக்க அழுத்தும்போது அம்பு குறிக்கு நேராக வந்துவிட்டால் ஷூவின் ஆயுள் முடிந்தது. ஷூ தேய்ந்த பிறகும் பிரேக் கையைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிச் சில மாதம் ஓட்டும் பழக்கம் நம் மதுரைப் பட்டறைகளில் இருக்கிறது. அப்படிச் செய்தால் அந்த அம்பு பொய் சொல்லத் தொடங்கிவிடும். உள்ளே ஷூக்களை விரிக்கும் கேம் அளவுக்கு மீறித் திரும்பி, பிரேக் பிடித்த நிலையிலேயே சிக்கிக்கொள்ளவும் கூடும். தயவுசெய்து இதை அனுமதிக்காதீர்கள்.

புதிய ஷூ வாங்கும் முன் டிரம்மையும் பாருங்கள். பல டிரம்களின் உட்புறத்தில் அதிகபட்ச விட்டம் பொறிக்கப்பட்டிருக்கும். 130 மில்லிமீட்டர் டிரம்மில் இது பெரும்பாலும் 131 என்றிருக்கும். தேய்மானம் அந்த அளவைத் தாண்டிவிட்டால் எவ்வளவு நல்ல ஷூ போட்டாலும் பிரேக் சரியாகப் பிடிக்காது. டிஸ்க் தகட்டிலும் இதேபோலக் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். டிரம்முக்குள் படிந்திருக்கும் கருந்தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. ஷூவில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனரில், பழையவற்றில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருந்திருக்கலாம் என்பதால், ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே பாதுகாப்பு.

கடைக்காரர் எடுத்துத் தரும் ஷூவைப் பழைய ஷூவோடு முதுகுக்கு முதுகு ஒட்டி வைத்துப் பாருங்கள். வளைவும் அகலமும் ஒத்துப்போனால் போதாது. கேம் உட்காரும் தட்டை முனை, ஷூவைத் தாங்கும் ஊசி (pin) உட்காரும் அரைவட்ட முனை, ஸ்பிரிங் மாட்டும் துளை ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் இந்த ஒப்பீட்டைச் செய்யாமல், அவசரத்தில் ஒரு கடையில் விலை குறைந்த செட் ஒன்றை வாங்கி மாட்டினேன். அழகர்கோவில் போய் வண்டியை நிறுத்தியபோது பின்சக்கரத்திலிருந்து கருகல் வாடை வந்தது. டிரம்மின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்ததும் சுர்ரென்று ஆவியாகிப் போனது. லைனர் தேவைக்கு மேல் தடிமனாக இருந்ததால், பிரேக்கை விட்ட பிறகும் வழியெல்லாம் டிரம்மில் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. அன்றிலிருந்து என் பையில் தடிமன் அளக்கும் ஒரு வெர்னியர் காலிப்பர் எப்போதும் இருக்கிறது.

டிஸ்க் பிரேக் பேடுக்கு வண்டியின் பெயரைவிட, பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரின் வகையே முக்கியம். காலிப்பரின் மேல் பைப்ரே, நிஸ்ஸின் என்பதுபோலத் தயாரிப்பாளரின் பெயர் வார்க்கப்பட்டிருக்கும். அதைப் படம் எடுத்துக்கொண்டு போனால் பாதித் தேடல் முடிந்துவிடும். பேடு மாற்றும்போது பிஸ்டன் இறுகியிருந்தால் ரப்பர் சீல் கிட்டும் சேர்த்து வாங்குங்கள். அந்த ரப்பரில் பெட்ரோலோ சாதாரண கிரீஸோ பட்டால் உப்பிவிடும். பிரேக் ஆயில் டாட் 3 வகையா, டாட் 4 வகையா என்பது தொட்டியின் மூடியிலேயே எழுதியிருக்கும். திறந்து வைத்த பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், சீல் உடைக்காத சிறிய பாட்டிலாகவே கேட்டு வாங்குங்கள்.

கிளட்சில் பொறுமை இன்னும் அதிகம் தேவை. சித்திரைத் திருவிழா நாட்களில் கோரிப்பாளையம் நெரிசலில் அரை கிளட்சிலேயே வண்டியை நகர்த்தியவர்களுக்கு, அடுத்த மாதம் மேம்பாலம் ஏறும்போது கிளட்ச் வழுக்கி, எஞ்சின் இரைச்சல் மட்டும் கூடி வேகம் கூடாமல் போகும் அனுபவம் வாய்ப்பது உண்டு. உடனே பிளேட் வாங்க ஓட வேண்டாம். லீவரின் முனையில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை தளர்வு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தளர்வே இல்லாவிட்டால் கேபிளைச் சரிசெய்தாலே போதுமானதாக இருக்கலாம். அடுத்து எஞ்சின் ஆயிலைப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே மூழ்கி இயங்குவதால், டப்பாவில் இருசக்கர வண்டி ஆயிலுக்கான தரக்குறியான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற குறி இருக்க வேண்டும். காருக்கான ஆயிலை ஊற்றிய வண்டியில் நல்ல பிளேட்டும் வழுக்கும்.

இவை இரண்டும் சரியாக இருந்தும் வழுக்கினால் கிளட்ச் பக்கத்து மூடியைத் திறந்துதான் ஆக வேண்டும். லைனர் ஒட்டிய பிளேட்டுகளின் தடிமனை அளந்து, வண்டியின் சர்வீஸ் புத்தகம் தரும் எல்லையோடு ஒப்பிடுங்கள். இரும்புத் தகடுகளை ஒரு கண்ணாடிப் பலகையின் மேல் வைத்துப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். நீலம் பாரித்த தகடு சூட்டில் வெந்தது. பிளேட்டுகள் அமரும் கூடான கிளட்ச் ஹவுசிங்கின் விரல்களில் பிளேட்டின் காதுகள் குத்திக் குத்திப் படிக்கட்டுபோல் பள்ளம் விழுந்திருந்தால், புதிய பிளேட்டும் அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு கிளட்ச் விடுபடாமல் இழுக்கும். ஸ்பிரிங்குகளை ஒன்றிரண்டாக மாற்றாமல் முழுச் செட்டாக வாங்குங்கள். டிவிஎஸ் எக்ஸ்எல் வைத்திருப்பவர்கள் கேட்க வேண்டியது கிளட்ச் ஷூ. லீவர் இல்லாத அந்த வண்டியில் எஞ்சின் வேகம் கூடும்போது ஷூக்கள் தாமாக விரிந்து டிரம்மைப் பிடிக்கின்றன.

எங்கே வாங்குவது என்பதற்கு என் வரிசை இதுதான். முதலில் அந்தக் கம்பெனியின் ஷோரூம் பார்ட்ஸ் கவுன்டருக்குச் செல்லுங்கள். சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் பார்ட் நம்பரைப் பார்த்துச் சொல்வார்கள். அந்த எண் கைக்கு வந்துவிட்டால் எந்தக் கடையிலும் தேடலாம். ஹோண்டா, பழைய ஹீரோ ஹோண்டா வண்டிகளின் பார்ட் நம்பரில் முதல் ஐந்து இலக்கம் பாகத்தையும், நடுவிலுள்ள குழு மாடலையும் குறிக்கும்: 22201 என்று தொடங்கினால் கிளட்ச் லைனர் பிளேட், 22870 என்றால் கிளட்ச் கேபிள். ஷோரூமில் இருப்பு இல்லையென்றால் மதுரையின் வெளி வீதிகளிலும் சிம்மக்கல் பக்கமும் உள்ள உதிரிபாகக் கடைகளில் கேளுங்கள். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலத்திலிருந்து வருபவர்கள் மெக்கானிக் எழுதித் தந்த சீட்டை மட்டும் நம்பிப் பேருந்து ஏறாமல், பார்ட் நம்பரைத் தொலைபேசியில் சொல்லி இருப்பை உறுதிசெய்துகொண்டு வந்தால் ஒரு நாள் மிச்சமாகும்.

கம்பெனிப் பெட்டி இல்லாவிட்டாலும் ரானே, எண்டியூரன்ஸ், சுப்ரஜித் போன்று வண்டிக் கம்பெனிகளுக்கே பாகம் செய்து தரும் நிறுவனங்களின் பெட்டிகளை நான் தயங்காமல் வாங்குவேன். போலிகள் இவர்களின் பெயரிலும் வருகின்றன என்பதால் அச்சின் கூர்மை, பார்ட் நம்பர், அதிகபட்ச விலை, தயாரித்த மாதம் ஆகியவற்றைப் படித்துப் பார்த்து, பில்லும் கேட்டு வாங்குங்கள்.

யமஹா ஆர்எக்ஸ் 100, அந்தக் கால யெஸ்டி போன்ற, தயாரிப்பு 1996-இல் நின்றுபோன பழைய வண்டிகளுக்குத் தேடல் வேறு விதமானது. அவற்றின் அலுமினிய ஷூ உடையாமல் இருந்தால் எறிந்துவிடாதீர்கள்; அதில் புதிய லைனர் ஒட்டித் தரும் பட்டறையைக் கண்டுபிடிப்பது, பொருந்தாத புதுச் செட்டோடு போராடுவதைவிட நல்லது. சென்னை போகிறவர்கள், பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையிலும் தேடிப் பார்க்கலாம். ஆனால் டிரம், ஹவுசிங், லீவர் போன்றவற்றையே பழையதாக வாங்குங்கள். தேய்ந்துபோகும் ஷூ, பேடு, கேபிள் ஆகியவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது.

கேபிள் வாங்கும்போது வெளிக்குழாயின் நீளத்தோடு, உள்கம்பி வெளியே நீட்டியிருக்கும் அளவையும் ஒப்பிடுங்கள். கிளட்ச் பிளேட் வாங்கியிருந்தால், மாட்டும் முன் எஞ்சின் ஆயிலில் நன்றாக ஊறவிடும்படி மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். உறையைக் கிழித்த பாகத்தைப் பல கடைகள் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை என்பதால், ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையைக் கடைக்காரர் முன்னிலையிலேயே முடித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.