சூழல் கார்ட்டூன் காட்டும்போது பெற்றோர் சறுக்கும் இடங்கள்

கோடை விடுமுறையில் பிள்ளைகளை வெயிலில் அனுப்பவும் மனம் வராது, வீட்டுக்குள் அடக்கி வைக்கவும் முடியாது. "எப்படியும் கார்ட்டூன்தான் பார்க்கப் போகிறான், காடு, கடல் என்று நல்லதையாவது பார்க்கட்டுமே" என்று ரிமோட்டைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போகிற வீடுகள் கடலூரிலும் புதுச்சேரியிலும் நிறைய. நல்ல கருத்துள்ள கார்ட்டூன் என்றால் பெரியவர் துணை தேவையில்லை என்று நினைப்பதுதான் முதல் சறுக்கல். என்னைக் கேட்டால், சண்டைக் கார்ட்டூனைவிட இதற்குத்தான் கூட உட்கார ஆள் வேண்டும்.

வில்லன் விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். இந்த வகைத் தொடர்களில் பெரும்புகழ் பெற்றது, 1990-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கி 1996 வரை ஓடிய 'கேப்டன் பிளானட்'. வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த ஐந்து இளையோரிடம் நிலம், நெருப்பு, காற்று, நீர், இதயம் என்று ஆளுக்கொரு மோதிரம் இருக்கும். ஐந்தின் சக்தியும் சேர்ந்தால் நாயகன் தோன்றி வில்லனை விரட்டுவான். அந்த வில்லன்களோ ஆற்றில் கழிவைக் கொட்டிவிட்டுக் கைகொட்டிச் சிரிக்கிற ரகம். கதைக்கு அது சுவை. ஆனால் அதை அப்படியே விட்டுவிட்டால், ஆறு கெடுவதற்குக் காரணம் கெட்ட மனிதர்கள், அவர்களை அடித்து விரட்டினால் வேலை முடிந்தது என்று பிள்ளை முடிவு கட்டிவிடும்.

கடலூரில் இது சிக்கலான பாடம். உப்பனாற்றங்கரை சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளின் நாற்றம், கழிவு பற்றிச் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் பல்லாண்டுகளாகப் புகார் சொல்லி வருகிறார்கள். அதே ஆலைகளில் ஷிப்ட் முடித்துவிட்டு வருகிறவர்தான் பல பிள்ளைகளின் அப்பா. அப்படியானால் அப்பா யார் பக்கம்? கார்ட்டூன் பார்த்த பிள்ளை இதை வாய்விட்டுக் கேட்காது, மனதுக்குள் வைத்துக்கொள்ளும். நாமாகத்தான் பேச்சை எடுக்க வேண்டும். ஆலையில் என்ன தயாராகிறது, அதை யார் வாங்குகிறார்கள், கழிவைச் சுத்திகரிக்காமல் விட்டால் யாருக்குச் செலவு மிச்சம், தட்டிக் கேட்க வேண்டிய அரசுத் துறை எது என்று எட்டு வயதுப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி சொல்ல முடியும். அந்தத் தொலைக்காட்சிப் பெட்டி ஓடும் மின்சாரத்துக்கு நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தோண்டுகிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கைவசம் இருக்கிறது. கடற்கரைச் சாலை ஓரம் மணலுக்குப் பதில் ஏன் கருங்கல்லாகக் கிடக்கிறது என்று பிள்ளையைக் கேளுங்கள். இந்தக் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 1980-களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். மணல் அதன் தெற்குப் பக்கம் தேங்கியது, வடக்கே வர வேண்டிய வரத்து குறைந்தது, கடல் கரையை அரித்தது. கைகொட்டிச் சிரித்தவர் எவரும் இல்லை, ஊருக்குத் துறைமுகம் வேண்டும் என்றுதான் கட்டினார்கள். பின்னாளில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு ஒரு பகுதியில் மணல் திரும்பியதையும் நடந்துபோய்க் காட்டலாம். இந்தக் கதையில் மோதிரத்துக்கு வேலை இல்லை.

அடுத்தது, படத்தில் வருவதெல்லாம் அறிவியல் என்று நம்புவது. சட்டையைக் கழற்றுவதுபோல் ஓட்டைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வரும் ஆமையைப் பார்க்காத பிள்ளை உண்டா? ஆமையின் ஓடு அதன் முதுகெலும்போடும் விலா எலும்போடும் ஒன்றாகிப்போனது, கழற்ற வராது. கடலாமையால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளக்கூட முடியாது. இதையாவது சிரித்துவிட்டுப் போகலாம். ஆமைக்குஞ்சுகளைக் கையில் அள்ளிக் கடலில் விடும் நாயகன்தான் ஆபத்து. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் நம் கரைக்கு வந்து, மணலில் குழி தோண்டி, ஒரு தடவைக்குச் சுமார் நூறு முட்டை இடுகின்றன. குஞ்சு வெளிவர ஏறக்குறைய ஐம்பது நாள் ஆகும். மணல் சூடு கூடினால் பெண் குஞ்சு அதிகம், குறைந்தால் ஆண் அதிகம். வெளிவந்த குஞ்சு வெளிச்சமான திசையைப் பார்த்து ஊரும், தெருவிளக்கு இருந்தால் சாலைப் பக்கம் திரும்பிவிடும். அவற்றைத் தூக்குவதும் முட்டையைத் தோண்டுவதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கார்ட்டூன் நாயகனைப் பார்த்துத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் பிள்ளை கை நீட்டினால், "டார்ச்சை அணைத்துவிட்டுத் தள்ளி நில், வனத்துறைக்குச் சொல்வோம்" என்று சொல்லிக்கொடுங்கள்.

மூன்றாவது சறுக்கல், பிள்ளையின் வயதைப் பார்க்காதது. நகரமே மூழ்குகிற காட்சி வேறு ஊர்ப் பிள்ளைக்குக் கற்பனை. 2004-ல் சுனாமியையும், 2011-ல் தானே புயலையும், 2015-ல் வெள்ளத்தையும் பார்த்த கரை இது. வீட்டில் அந்தக் கதைகளைக் கேட்டு வளர்கிற ஐந்து வயதுக் குழந்தை அந்தக் காட்சியைத் தன் தெருவாகவே எடுத்துக்கொள்ளும். அந்த வயதுக்கு 'ஆக்டோனாட்ஸ்' போல, சிறு சாகசமும் முடிவில் அன்றைய கடலுயிரைப் பற்றி ஒரு பாட்டுமாக முடிகிற தொடர் போதும். பனிக்கரடியை அடையாளம் சொல்கிற பிள்ளைக்கு புதுச்சேரி ஊசுடு ஏரியில் நீந்தும் நாமக்கோழிப் பறவையும் தெரிந்தால் நல்லது.

எனக்குக் கோபம் வருகிற தவறு வேறு. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. கார்ட்டூன் பார்த்துவிட்டு, ஓட்டலிலிருந்து சாம்பாரைக் கவரில் கட்டி வாங்கி வந்த அப்பாவிடம் "இது கூடாதே" என்கிறது பிள்ளை. "பெரிய மனுஷன் மாதிரி பேசாதே, சாப்பிடு" என்று பதில் வருகிறது. சூழல் பாடம் அந்தத் தட்டிலேயே முடிந்துபோகும். தூக்குச் சட்டியை எடுத்துப்போக மறந்துவிட்டேன் என்றாவது சொல்லியிருக்கலாம்.

பள்ளிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தின ஓவியப் போட்டியில், வாயில் தெர்மாமீட்டர் வைத்து அழும் பூமிப் பந்துக்கே வருடா வருடம் பரிசு போகிறது. அது கார்ட்டூனிலிருந்து இறங்கிய படம். கடலூருக்கு நடுவே ஓடும் கெடிலம் ஆற்றை வரையச் சொல்லுங்கள். எந்த வாய்க்கால் எங்கே வந்து கலக்கிறது என்று குறித்து வருகிற பிள்ளைக்குப் பரிசைக் கொடுங்கள்.