சோற்றை விடாமல் சீனியை இறக்குவது எப்படி?

இனிப்பு நீர் (நீரிழிவு) என்று தெரிந்ததும் "இனி சோறே தொடமாட்டேன்" என்று சபதம் போடுகிறவர்கள் சீக்கிரமே பழைய தட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். சபதம் வேண்டாம். சுங்கை சிப்புட், பஹாவ் மாதிரித் தோட்டப்புற ஊர்களில் கிடைக்கும் சாப்பாட்டையே வைத்துக்கொண்டு, வாரத்துக்கு ஒன்றாக மாற்றுங்கள்.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் முதலில் கிளினிக்கில் சொல்லிவிட வேண்டும். சாப்பாடு குறைந்து மருந்து அதே அளவில் இருந்தால் சீனி அபாயகரமாக இறங்கும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கணக்கே வேறு; அவர்கள் டயட்டீஷியனைப் பார்த்த பிறகே எதையும் மாற்ற வேண்டும், நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது.

படி 1: அளவெடுங்கள்

ஒரு நாளைக்கு ஒரு வேளையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சீனி பார்க்கும் மீட்டரில் போடும் ஸ்ட்ரிப் விலை கொஞ்சமில்லை. சாப்பிடும் முன் ஒரு முறை, முதல் வாய் வைத்ததிலிருந்து 2 மணி நேரம் கழித்து ஒரு முறை குத்திப் பாருங்கள். பலருக்கும் வைக்கப்படும் இலக்கு வெறும் வயிற்றில் 4.4 முதல் 7.0 mmol/L, சாப்பிட்ட பின் 8.5க்குள். வயதானவர்களுக்கு மருத்துவர் இதைத் தளர்த்தலாம். கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். பழம் உரித்த விரலில் குத்தினால் எண் பொய்யாக ஏறும்.

படி 2: முதலில் கிளாஸ், பிறகு தட்டு

மிகக் குறைந்த சிரமத்தில் அதிகப் பலன் தருவது இதுதான். கெட்டிப் பாலில் ஏறக்குறைய பாதி சீனி. ஒரு மேசைக்கரண்டி சுமார் 20 கிராம். இரண்டு கரண்டி ஊற்றிய தே தாரிக்கில் 20 கிராம் சீனி வந்துவிடும். நாளைக்கு மூன்று கிளாஸ் என்றால் 60 கிராம், அதுவும் திரவமாக, வேகமாக ரத்தத்தில் ஏறும் வடிவத்தில்.

கடையில் "குராங் மானிஸ்" (இனிப்புக் குறைவாக) என்று சொல்லி ஏமாறாதீர்கள். கெட்டிப் பால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பாலும் சீனியும் இல்லாத "தே ஓ கோசோங்" அல்லது "கோப்பி ஓ கோசோங்" கேளுங்கள். பால் இல்லாமல் இறங்காது என்றால் "தே சி கோசோங்": சீனி சேர்க்காத ஆவிப்பால் ஊற்றிய தேநீர். ஒரேயடியாக முடியாதவர்கள் வீட்டில் மூன்று நாளைக்கு ஒரு தடவை அரைத் தேக்கரண்டி குறைத்துக்கொண்டே வரலாம். குலா மெலாக்கா, கருப்பட்டி, தேன் எல்லாம் சீனிதான். நிறம் மாறினால் மீட்டர் மாறாது. த்ரீ இன் ஒன் பாக்கெட்டுகளையும் இந்தக் கணக்கில் சேருங்கள்.

படி 3: தட்டைப் பிரியுங்கள்

சுகாதார அமைச்சு சொல்லும் "சுக்கு சுக்கு செப்பாரு" முறை: கால் தட்டு சோறு, கால் தட்டு மீன், கோழி, முட்டை அல்லது தௌபு, அரைத் தட்டு காய்.

எங்கே தப்பு வருகிறது? உருளைக்கிழங்குப் பிரட்டலையும் மரவள்ளியையும் காய் என்று போட்டுக்கொள்வதில். அவை சோற்றுப் பங்கு. கங்கோங், சாவி, கத்திரி, வெண்டை, பாகல், முட்டைக்கோஸ்தான் அரைத் தட்டுக்கு.

சோற்றை அகப்பையால் அளக்காதீர்கள். வெந்த சோறு 100 கிராமில் மாவுச்சத்து சுமார் 28 கிராம். முதல் இரண்டு வாரம் ஒரு கப்பில் அளந்து போட்டால் கண்ணுக்கு அளவு பழகிவிடும். பலருக்கு ஒரு வேளைக்கு முக்கால் கப்பில் தொடங்குவது சரிவரும். 2 மணி நேர அளவைப் பார்த்துக் கூட்டலாம், குறைக்கலாம். சப்பாத்திக்கு மாறியதும் சீனி இறங்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பெரிய சப்பாத்தி மூன்று தின்றால் சோற்றைவிடக் கூடிப்போகும். நன்றாகக் குழைந்த கஞ்சியும் கேழ்வரகுக் கூழும் சீனியைச் சட்டென்று ஏற்றக்கூடியவை.

காயையும் மீனையும் முதலில் சாப்பிட்டுச் சோற்றைக் கடைசியில் வைத்தால் ஏற்றம் குறைகிறது. காசு செலவில்லாத மாற்றம், செய்து பாருங்கள்.

படி 4: விடியற்காலை வேலைக்குப் போகிறவர்கள்

இருட்டோடு தேநீரும் நான்கு பிஸ்கட்டும், மாத்திரை, பிறகு வெயிலில் உடல் உழைப்பு, பத்து மணிக்குப் பசியில் நாசி லெமாக். சீனி ஏறி, இறங்கி, மறுபடி ஏறுவதற்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது. கிளம்பும் முன் அவித்த முட்டை ஒன்று, ரொட்டி இரண்டு துண்டு. பத்து மணிக்கு ஒரு தோசை, கெட்டிச் சாம்பார், அல்லது வீட்டுச் சோறு அரை கப்புடன் கெம்போங் மீன்.

கிளிக்லசைட் எடுப்பவர் சாப்பிடாமல் கிளம்பக் கூடாது. வியர்வை, கைநடுக்கம், தலை கிறுகிறுப்பு வந்தாலோ மீட்டர் 3.9க்குக் கீழே காட்டினாலோ, ஒரு மேசைக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சாக்லேட் வேண்டாம், கொழுப்பு சீனியைத் தாமதப்படுத்தும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாமல் 999ஐ அழையுங்கள்.

படி 5: காலை எண் மட்டும் இறங்கவில்லையா?

இரவு பத்து மணிக்கு மேல் ரொட்டி சானாய் பழக்கம் இருந்தால் காரணம் தேட வேண்டியதில்லை. சீக்கிரம் அளவாகச் சாப்பிட்டும் காலையில் ஏறினால், விடியும் நேரத்தில் கல்லீரல் வெளிவிடும் சர்க்கரையாக இருக்கலாம். அதைச் சாப்பாட்டால் மட்டும் சரிசெய்ய முடியாது. படுக்கும் முன்னும் எழுந்ததும் எடுத்த அளவுகளை ஒரு வாரம் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தை மாற்ற அந்தத் தாள் வேண்டும். எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை ஏறக்குறைய மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டுவதால், அதற்கு முன் அவசரப்பட்டு எடுத்துச் சோர்ந்துபோக வேண்டாம்.