தெலுக் இந்தான் பக்கம் காரோட்டுகிறவருக்கு: படத்துக்குக் கீழே உள்ள வரியையும் படியுங்கள்

வெளிநாட்டிலிருந்து மலேசியாவில் உள்ள சொந்த ஊருக்கு வருகிற குடும்பங்களில் காரோட்டுவது பெரும்பாலும் அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, அல்லது மருமகன். பெற்றோருக்கு மலாய் தண்ணீர்பட்ட பாடு. ஸ்டியரிங் பிடித்திருப்பவருக்கோ ஒரு சொல்கூடத் தெரியாது. பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மா பலகையைப் படித்துச் சொல்வதற்குள் சந்திப்பு தாண்டிப் போயிருக்கும். இந்தக் குறிப்புகள் அந்த ஓட்டுநருக்காகவே. பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தானையும் அதைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களையும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறோம். சுங்கை சிப்புட், கோல சிலாங்கூர், கூலிம் பக்கம் போகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

மலேசியாவில் கடைப்பலகையில் நான்கு மொழி இருக்கும், சாலைப் பலகையில் மலாய்தான். கெடா போன்ற சில மாநிலங்களில் ஜாவி எழுத்தும் (மலாயை அரபு வரிவடிவில் எழுதுவது) சேர்ந்திருக்கும். பினாங்கு ஜார்ஜ்டவுனில் சில தெருப் பெயர்களைத் தமிழிலும் பார்க்கலாம். தோட்டப் பட்டணத்தில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

படங்கள் உலகம் முழுக்க உள்ளவைதான். சிவப்பு எண்கோணத்தில் 'பெர்ஹெந்தி' என்றிருந்தால் நில். தலைகீழ் முக்கோணத்தில் 'பெரி லாலுவான்' என்றிருந்தால் வழிவிடு. மஞ்சள் சாய்சதுரம் எச்சரிக்கை, அதுவே ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் சாலை வேலை நடக்கிறது. இதில் யாரும் தடுமாறுவதில்லை. சம்மன் (அபராத நோட்டீஸ்) வாங்கித் தருவது படத்துக்குக் கீழே தொங்கும் சின்னச் செவ்வகம். விதி எந்த நேரத்துக்கு, எந்த வண்டிக்கு என்பது அதில்தான் இருக்கும்.

தமிழ்ப்பள்ளிக்குப் போகும் சந்து முனையில் 'நுழையாதே' வட்டம் இருக்கிறது என்று வையுங்கள். அதன் கீழே 'இஸ்னின் – ஜுமாஆட், 7.00 பாகி – 8.00 பாகி, கெச்சுவாலி பாஸ் செகோலா' என்று எழுதியிருந்தால், திங்கள் முதல் வெள்ளி வரை காலை 7 முதல் 8 வரை பள்ளிப் பேருந்தைத் தவிர வேறு வண்டி நுழையக்கூடாது என்று அர்த்தம். மற்ற நேரத்தில் தாராளமாகப் போகலாம். 'கெச்சுவாலி' என்றால் தவிர, 'சஹாஜா' என்றால் மட்டும். இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டால் விதி தலைகீழாகிவிடும். 'மோத்தோசிக்கல் சஹாஜா' என்ற பாதையில் கார் ஏறக்கூடாது. 'கெச்சுவாலி மோத்தோசிக்கல்' என்றால் தடை காருக்குத்தான், மோட்டார் சைக்கிளுக்கு இல்லை. நேரத்துக்கு 'பாகி' காலை, 'தெங்ஙாஹாரி' நண்பகல், 'பெத்தாங்' மாலை, 'மாலாம்' இரவு. 'அஹாட்' ஞாயிறு, 'சூத்தி ஆம்' பொது விடுமுறை. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை அங்கே பள்ளி நாள், அலுவலக நாள். 'இன்று ஞாயிறுதானே' என்று கூலிமில் அசட்டையாக இருந்துவிடாதீர்கள்.

வேகத்தோடு தொடர்புடைய சொற்கள் சிலவே. 'ஹாட் லாஜு' வேக வரம்பு, 'குராங்கான் லாஜு' வேகத்தைக் குறை, 'போங்கோல்' வேகத்தடை, 'லிச்சின்' வழுக்கும், 'லெஞ்சோங்கான்' மாற்றுவழி, 'ஜாலான் மத்தி' முட்டுச்சந்து, 'ஜாலான் டித்துத்துப்' சாலை மூடப்பட்டிருக்கிறது, 'செஹாலா' ஒருவழி. 'டி ஹடாப்பான்' என்று முடிந்தால் சொன்ன விஷயம் முன்னால் வருகிறது. 'டிலாராங்' என்று தொடங்கினால் அடுத்த சொல் எதுவானாலும் அதைச் செய்யாதீர்கள்.

நெடுஞ்சாலையில் உச்ச வரம்பு மணிக்கு 110 கி.மீ., வளைவும் ஏற்றமும் உள்ள இடங்களில் 90 அல்லது 80. கூட்டரசு (மத்திய அரசு), மாநிலச் சாலைகளில் பொதுவாக 90. பட்டணத்துக்குள் 60 அல்லது 50, பள்ளி வட்டாரத்தில் 30. நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு சமயங்களில் 90-ஐ 80 ஆகக் குறைப்பது வழக்கம். கேமரா இருக்கும் இடத்துக்கு முன்னால் அறிவிப்புப் பலகை உண்டு. அதைப் பார்த்ததும் சடாரென்று பிரேக் அடிக்கிறவர்கள் பின்னால் லோரி வருவதை மறந்துவிடுகிறார்கள்.

வழி பிடிப்பது

பச்சைப் பலகை நெடுஞ்சாலைக்கு, நீலப் பலகை கூட்டரசு, மாநிலச் சாலைகளுக்கு. கோலாலம்பூரிலிருந்து வந்தால் இ1 நெடுஞ்சாலையில் பீடோர் வரை பச்சை. அங்கே 'சுசுர் கெலுவார்' என்ற வெளியேறும் வழியில் இறங்கி, பிறகு நீலப் பலகையில் 58 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் தெலுக் இந்தான். கிள்ளான், சபாக் பெர்ணம் வழியாக வருகிறவர்களுக்கு 5-ஆம் எண் சாலை. வெறும் எண் என்றால் கூட்டரசு சாலை, எழுத்தோடு வந்தால் மாநிலச் சாலை: பேராக்குக்கு ஏ, சிலாங்கூருக்கு பி, கெடாவுக்கு கே. பெயரைவிட எண் நம்பகமானது, ஏனென்றால் பெயரைச் சுருக்கி எழுதுவார்கள். சுங்கை (ஆறு), கம்போங் (கிராமம்), தாமான் (குடியிருப்பு), ஜாலான் (சாலை), லோரோங் (சந்து), லாடாங் (தோட்டம்) எல்லாமே இரண்டு மூன்று எழுத்தாகத்தான் பலகையில் இருக்கும். இதில் 'பி.டி.' என்ற சுருக்கம் புக்கிட்டாகவும் (குன்று) இருக்கலாம், பத்துவாகவும் (கல்) இருக்கலாம். டோல் சாவடியில் காசு வாங்க மாட்டார்கள். டச் அண்ட் கோ அட்டையில் பணம் ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள்.

உண்மையான சிக்கல் பட்டணம் தாண்டிய பிறகுதான். தாத்தா சொல்லும் தோட்டத்தின் பெயர் எந்தப் பலகையிலும் இருக்காது. நம்மவர்கள் தோட்டத்துக்கு வைத்த பெயர் ஒன்று, கம்பெனி வைத்த பெயர் வேறு, கைமாறிய பிறகு வந்த பெயர் இன்னொன்று. கிளம்பும் முன் உறவினரிடம் பதிவுப் பெயரையும் டிவிஷனையும் (தோட்டத்தின் உட்பிரிவு) கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தமிழ்ப்பள்ளியின் பெயர் தெரிந்தால் இன்னும் நல்லது. 'எஸ்.ஜே.கே. (தி) லாடாங்' என்று தொடங்கும் பள்ளிப் பலகை பெரிய சாலையிலேயே நிற்கும். மலாயில் 'குயில்' என்று எழுதிய கோயில் பலகையும் அப்படித்தான். 'எட்டாங்கட்டை' என்று வழி சொன்னால் அது மைல் கணக்கு, கார் மீட்டரில் ஏறத்தாழ 13 கி.மீ. கிலோமீட்டர் என்று நினைத்து எட்டில் திரும்பியவர்கள் வேறு யாருடைய தோட்டத்திலோ போய் நிற்பார்கள்.

விளக்கு

பிரிட்டனில் ஓட்டிப் பழகியவர்கள் கவனிக்க வேண்டியது: இங்கே சிவப்பிலிருந்து நேராகப் பச்சை, இடையில் மஞ்சள் வராது. மஞ்சள் விழுந்தால் அடுத்தது சிவப்புதான். பல சந்திப்புகளில் நொடி எண்ணும் கடிகாரம் உண்டு. எண் பூஜ்யத்தைத் தொடும் முன்பே பக்கத்து மோட்டார் சைக்கிள்கள் பாய்ந்துவிடும். நீங்கள் பாயாதீர்கள், குறுக்குச் சாலையில் கடைசி வண்டி இன்னும் தாண்டிக்கொண்டிருக்கும்.

கனடா, அமெரிக்கப் பழக்கத்தில் சிவப்பில் திரும்பிவிடுவது இங்கே குற்றம். இடப்பக்கம் தனியாகப் பிரிந்து போகும் பாதையும் அதில் தலைகீழ் முக்கோணமும் இருந்தால் மட்டும், வழிவிட்டுப் போகலாம். மஞ்சள் கட்டம் போட்ட சந்திப்பில், எதிர்ப்புறம் உங்கள் காருக்கு இடம் காலியாகும் வரை பச்சையானாலும் உள்ளே நுழையக்கூடாது. வட்டச் சந்திப்பில் வலப்பக்கம் வருகிற வண்டிக்கு வழிவிடுங்கள். விளக்கு மஞ்சளாக விட்டுவிட்டுச் சிமிட்டினால் அந்தச் சந்திப்பில் விளக்கே இல்லை என்று நினைத்து மெதுவாகப் பார்த்துப் போகவேண்டும்.

பலகையில் இல்லாத ஒன்று: எதிரே வருகிறவர் ஹெட்லைட்டை மினுக்கினால் லண்டனில் 'நீங்கள் போங்கள்' என்று எடுத்துக்கொள்வார்கள். இங்கே அது 'நான் வருகிறேன், நில்லு'. இந்த ஒரு தப்புக் கணக்கில் மோதிக்கொள்ளலாம்.

லோரியும் தோட்டத்துச் சாலையும்

செம்பனைக் குலை ஏற்றிய லோரியும் கல், மண் ஏற்றிய லோரியும் இந்தப் பக்கத்துச் சாலைகளின் ராஜாக்கள். 2025 மே 13 அன்று, தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமித் திருவிழாப் பாதுகாப்புப் பணி முடிந்து திரும்பிய கலகத் தடுப்புப் போலிஸ் வண்டியும் கல் ஏற்றிய லோரியும் சிக்குஸ் – சுங்கை லம்பாம் சாலையில் மோதியதில் 9 போலிஸ்காரர்கள் இறந்தார்கள். இருவழிச் சாலை, பக்கத்தில் பாரிட் (வாய்க்கால்), ஒதுங்க இடமில்லை. இப்படிப்பட்ட சாலையில் இரட்டை வெள்ளைக் கோடு இருந்தால் முந்தக்கூடாது. முன்னால் போகும் லோரிக்காரர் இடது சிக்னல் போட்டால் 'முந்திக்கோ' என்றும், வலது போட்டால் 'வராதே' என்றும் ஒரு வழக்கம் உண்டு. வலதை நம்புங்கள். இடதை நம்பாதீர்கள், அவர் உண்மையிலேயே இடப்பக்கம் திரும்பலாம். முந்துவதற்கு உங்கள் கண்ணுக்குச் சாலை தெரியவேண்டும். சாலையில் சிதறிக் கிடக்கும் உதிரிப் பழம் மோட்டார் சைக்கிளைச் சறுக்கிவிடும். அதனால் முன்னே போகும் மோட்டார் சைக்கிளுக்கு நெருக்கமாகப் போகாதீர்கள்.

தோட்டத்து நுழைவாயிலில் 'டிலாராங் மாசுக் தன்பா கெபெனாரான்' என்று இருக்கும், அனுமதியில்லாமல் நுழையாதே என்று. குலசாமி கோயில் உள்ளே இருந்தாலும் சாலை கம்பெனியுடையது. காவலரிடம் அடையாள அட்டையோ பாஸ்போர்ட்டோ காட்டி, யார் வீட்டுக்கு, எந்தக் கோயிலுக்கு என்று சொன்னால் பெரும்பாலும் விடுவார்கள். தடுப்பு எத்தனை மணிக்கு இறங்கும் என்பதைப் போகும்போதே கேட்டுவிடுங்கள். பூசை முடிந்து இருட்டில் வந்து பூட்டிய கம்பத்தின் முன் நிற்பது சுகமில்லை. உள்ளே வேகத்தடைக்கு வெள்ளை அடித்திருக்க மாட்டார்கள். மழைக்குப் பிறகு செம்மண் சாலை வழவழவென்றிருக்கும். எதிரே டிராக்டர் வந்தால் நீங்கள் ஓரம் கட்டுவதைவிட, அகலமான இடத்திலேயே நின்று அதைப் போகவிடுவது மேல். புல் மூடிய ஓரம் தரை மாதிரி தெரியும். சக்கரம் இறங்கிய பிறகுதான் அடியில் பாரிட் இருப்பது தெரியும்.

சம்மன், விபத்து

கல்யாண வீட்டுக்கு ஒரே காரில் எட்டுப் பேர் ஏறுவது அந்தக் காலம். பின்னிருக்கை பெல்ட் 2009 முதலும் குழந்தைக்கான தனி இருக்கை 2020 முதலும் கட்டாயம். குடித்துவிட்டு ஓட்டுவதற்கான ரத்த அளவு 2020-இல் 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆக இறங்கிவிட்டது. பழைய மலேசிய லைசன்ஸை எடுத்து வருகிறவர்கள் தேதியைப் பாருங்கள். காலாவதியாகி 3 ஆண்டு தாண்டியிருந்தால் புதுப்பிக்க முடியாது, மறுபடி தேர்வு எழுதவேண்டும். சிங்கப்பூர் எண் கொண்ட காருக்கு வி.இ.பி. (வாகன நுழைவு அனுமதி) பதிவு வேண்டும். அது இல்லாவிட்டால் 300 ரிங்கிட் அபராதம் என்ற நடைமுறை 2025 ஜூலை 1 முதல் இருக்கிறது.

விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் போலிஸில் புகார் கொடுக்கவேண்டும். 'ஊருக்குள்ளே பேசி முடித்துக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னாலும் புகார் கொடுங்கள், காப்புறுதிக்கு அந்தத் தாள்தான் கேட்பார்கள். கேமராவில் விழுந்த குற்றம் கார் உரிமையாளர் பேருக்குத்தான் போகும். சித்தப்பாவின் காரை வாங்கி ஓட்டினால் அவர் தலையில் விழும், வாடகைக் கார் என்றால் நீங்கள் விமானம் ஏறிய பிறகு உங்கள் அட்டையில் கழிப்பார்கள். 2026 ஜனவரி 1 முதலான முறைப்படி 15 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகை, 16 முதல் 30 நாளுக்குள் என்றால் 33 சதவீதம் தள்ளுபடி, அதற்குமேல் முழுத்தொகை, 60 நாள் தாண்டினால் நீதிமன்றம். சாலைப் போக்குவரத்து இலாகா போட்டதை மைஜேபிஜே செயலியிலும் போலிஸ் போட்டதை மைபாயார் செயலியிலும் பார்க்கலாம். இரண்டும் தனித்தனிப் பட்டியல், ஒன்றைப் பார்த்துவிட்டுச் சம்மன் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். காரைத் திருப்பிக் கொடுப்பதற்கு முந்தின நாள் உரிமையாளரையே இரண்டிலும் பார்க்கச் சொல்லுங்கள்.