சைபர் செக்யூரிட்டிக்கு ஆள் கிடைக்கவில்லையா? உள்ளே இருப்பவரைத் தயார்செய்யும் முறை

மாதக்கணக்கில் விளம்பரம் போட்டும் தகுந்த ஆள் வரவில்லை என்றால், முதலில் அந்த விளம்பரத்தையே எடுத்துப் படியுங்கள். தொடக்கநிலை வேலைக்கு, பாதுகாப்புத் துறையில் அனுபவசாலிகளுக்கான சிஐஎஸ்எஸ்பி (CISSP) சான்றிதழ் கேட்டிருக்கிறீர்களா? தேர்வில் தேறினால் மட்டும் அது கைக்கு வராது. 5 ஆண்டுப் பணி அனுபவத்தையும் காட்ட வேண்டும். உரிய பட்டம் இருந்தால் ஓராண்டு குறையும். புதியவருக்கான சம்பளத்தில் அனுபவசாலியைத் தேடினால் விண்ணப்பம் எப்படி வரும்?

ஹெல்ப் டெஸ்க்கிலும் நெட்வொர்க் பிரிவிலும் சர்வர் அறையிலும் இருப்பவர்களில் ஒருவரை 12 வாரத்தில் முதல்நிலைப் பகுப்பாய்வாளராக, அதாவது பாதுகாப்பு எச்சரிக்கைகளை முதலில் பார்த்துத் தரம் பிரிப்பவராக, மாற்ற முடியும். உங்கள் சிஸ்டத்தில் எது வழக்கம், எது வழக்கத்துக்கு மாறானது என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும். வெளியிலிருந்து வருபவர் அதைக் கற்கவே மாதங்கள் ஆகும்.

முதலில் தலைக்கணக்கு

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரத்துக்கு 40 மணி வேலை செய்தால், 24 மணி நேரமும் ஒரே ஒரு கண்காணிப்பு நாற்காலியை நிரப்ப 4.2 பேர் வேண்டும். விடுப்பு, உடல்நலக் குறைவு, பயிற்சி எல்லாம் சேர்த்தால் 5 முதல் 6 பேர். அத்தனை பேர் இல்லையென்றால் இரவுக் கண்காணிப்பை வெளிச் சேவையிடம் கொடுத்துவிடுங்கள். உள்ளவர்களைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரை மாற்றி மாற்றி விழிக்க வைத்தால் இரண்டு பேருமே ராஜினாமா கடிதத்தோடு வந்து நிற்பார்கள்.

அடுத்து, கடந்த 30 நாளில் கண்காணிப்பு மென்பொருள் எழுப்பிய அலர்ட்டுகளை (எச்சரிக்கைகளை), அதிலுள்ள எந்த விதி எழுப்பியது என்று பிரித்து எண்ணுங்கள். பெரும்பாலும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில விதிகள்தான் குவியலில் பாதிக்கு மேல் தந்திருக்கும். பழைய பாஸ்வேர்டோடு இரவுதோறும் முட்டி நிற்கும் பேக்கப் கணக்கு, யாரும் பதிவுசெய்யாத, நெட்வொர்க்கைத் துழாவும் ஸ்கேனர் மென்பொருள் போன்றவைதான் மூலம். அதைச் சரிசெய்தால் பாதி ஆளின் நேரம் மிச்சம். இங்கே நடக்கும் தவறு, தொல்லை தாங்காமல் விதியையே அணைத்துவிடுவது. அப்படிச் செய்தால் நாளை தாக்குபவர் அதே வழியில் வந்தாலும் தெரியாது. குறிப்பிட்ட கணக்கு, குறிப்பிட்ட இயந்திரம் இரண்டும் சேர்ந்து வந்தால் மட்டும் விலக்கு கொடுங்கள். காரணத்தையும் காலாவதித் தேதியையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

யாரைத் தேர்ந்தெடுப்பது

சான்றிதழைப் பார்க்காதீர்கள். 200 வரி லாக்கை (கணினியின் நிகழ்வுப் பதிவை) கொடுத்து 45 நிமிடம் தாருங்கள். "என்ன நடந்திருக்கும், அடுத்து எதைப் பார்ப்பீர்கள்?" என்ற இரண்டே கேள்விகள் போதும். "இது வரை தெரிகிறது, இதற்கு மேல் உறுதியில்லை, ஃபயர்வால் லாக் கிடைத்தால் சொல்லிவிடலாம்" என்று எழுதுபவரை எடுங்கள். பத்தாவது நிமிடத்தில் தீர்ப்பு எழுதிக் கொடுப்பவர் ஆபத்தானவர்.

பணி விவரம் எழுத, அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் (NIST) 2017இல் வெளியிட்டு 2020இல் திருத்திய நைஸ் (NICE) பணிச்சட்டகம் உதவும். சைபர் பாதுகாப்புப் பணிகளையும் அவற்றுக்கு வேண்டிய திறன்களையும் அது பட்டியலிடுகிறது. முழுவதையும் நகலெடுக்காமல், உங்களுக்கு வேண்டிய 10 அல்லது 12 பணிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கூடம்

32 ஜிபி ராம் உள்ள ஒரே கணினி போதும். அதற்குள் நான்கு மெய்நிகர் இயந்திரங்களை (virtual machines) ஓட்டலாம். டொமைன் கன்ட்ரோலராக (எல்லாக் கணக்குகளையும் லாகினையும் நிர்வகிக்கும் சர்வராக) ஒரு விண்டோஸ் சர்வருக்கு 4 ஜிபி, ஒரு விண்டோஸ் கிளையன்ட்டுக்கு 4, தாக்கும் லினக்ஸுக்கு 2, லாக் திரட்ட இலவச வாஸு (Wazuh) மென்பொருளுக்கு 8 ஜிபி என்று பிரித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் சர்வரின் மதிப்பீட்டுப் பதிப்பு 180 நாள் ஓடும். நான்கையும் வெளியுலகத் தொடர்பில்லாத தனி நெட்வொர்க்கில் வையுங்கள். அலுவலக நெட்வொர்க்கோடு இணைத்துவிட்டால் பயிற்சியே சம்பவமாகிவிடும்.

ஸ்நாப்ஷாட்டிலிருந்து (முன்பு சேமித்து வைத்த நிலையிலிருந்து) இயந்திரத்தை மீட்டதும் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். இயந்திரங்களுக்கிடையே நேரம் 5 நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தால், விண்டோஸ் டொமைனில் அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை லாகினை மறுத்துவிடும். பயிற்சி பெறுபவர் அதைத் தாக்குதல் என்று நினைத்து அரைநாளை இழப்பார்.

முதல் பயிற்சி எளிது. ஒரே கணக்கில் 20 தவறான பாஸ்வேர்டு, பிறகு ஒரு சரியானது. கணக்குப் பூட்டும் விதியை அதற்கு முன் தளர்த்தி வையுங்கள், இல்லையென்றால் 20ஐ எட்டும் முன்பே கணக்கு பூட்டிக்கொள்ளும். விண்டோஸ் லாக்கில் ஒவ்வொரு வகை நிகழ்வுக்கும் ஓர் எண் உண்டு. தோற்ற லாகினைக் குறிக்கும் 4625 நிகழ்வுகள் வரிசையாக வந்து, கடைசியில் வெற்றியைக் குறிக்கும் 4624 வர வேண்டும். எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: 4625 பதிவாவது லாகின் முயன்ற இயந்திரத்தில். டொமைன் கன்ட்ரோலரில் தேடினால் அங்கே அடையாளச் சரிபார்ப்பைக் குறிக்கும் 4771 அல்லது 4776தான் இருக்கும், அதுவும் தோல்வித் தணிக்கையை (தோற்ற முயற்சிகளைப் பதிவுசெய்யும் அமைப்பை) இயக்கியிருந்தால். "லாக்கில் ஒன்றுமில்லை" என்ற பதிலுக்கும் "தவறான இடத்தில் பார்த்தேன்" என்ற பதிலுக்கும் உள்ள வேறுபாடு இந்தப் பயிற்சியில்தான் புரியும்.

அடுத்து, ஒரே பாஸ்வேர்டைப் பல கணக்குகளில் முயலுங்கள். எந்தக் கணக்கும் பூட்டப்படாது, ஆகவே பூட்டலைச் சொல்லும் 4740ஐ மட்டும் நம்பியவர் தவறவிடுவார். பிறகு புதுக் கணக்கு உருவாக்கம் (4720), லாக் அழிப்பு (1102), புரோகிராம் இயங்கியது (4688). கடைசியாகச் சொன்னது இயல்பாகப் பதிவாகாது, கட்டளை வரியும் சேர்ந்து பதிவாக இன்னொரு அமைப்பைத் தனியாக இயக்க வேண்டும்.

12 வாரம்

வாரத்துக்கு இரண்டு முழு நாள் விடுவியுங்கள். அந்த நாட்களில் அவருடைய டிக்கெட் வரிசை வேறொருவர் பெயருக்குப் போக வேண்டும். "நேரம் கிடைக்கும்போது படி" என்று சொன்ன திட்டங்கள் மூன்றாவது வாரத்தைத் தாண்டுவதில்லை.

முதல் நான்கு வாரம் பயிற்சிக்கூடம். அடுத்த நான்கில் உண்மையான அலர்ட்டுகள். அவர் விசாரித்து மூடும் ஒவ்வொன்றையும் மூத்தவர் பார்க்க வேண்டும். கடைசி நான்கில் ஐந்தில் ஒன்றைப் பார்த்தால் போதும். ஆரம்பத்தில் பார்க்கும் அனுமதி மட்டும் கொடுங்கள். கணினியை நெட்வொர்க்கிலிருந்து துண்டிக்கும் அதிகாரம் கடைசியில், அதுவும் தனி அட்மின் கணக்கில்.

தவறுகளை இரண்டாகப் பிரித்து எண்ணுங்கள். உண்மையான தாக்குதலைப் பொய் என்று மூடியது ஒன்று, பொய்யை உண்மை என்று மேலே அனுப்பியது மற்றொன்று. முன்னதில் கண்டிப்பாக இருங்கள், பின்னதில் தாராளமாக. தலைகீழாகச் செய்தால், திட்டு வாங்காமலிருக்க அவர் எல்லாவற்றையும் மூடப் பழகிவிடுவார்.

பணி மாறும் மாதமே சம்பளத்தையும் மாற்றுங்கள். ஆண்டு இறுதி வரை காத்திருந்தால், நீங்கள் பயிற்றுவித்தவருக்கு வேறொருவர் சம்பளம் கொடுப்பார். அலர்ட் திரை முன்னால் நாள் முழுக்க உட்கார வைக்காதீர்கள். பாதி நேரம் விதி எழுதவும் திருத்தவும் போகட்டும்.

வட்டு ஆய்வு (ஹார்டு டிஸ்க்கில் தடயம் தேடுதல்), மால்வேர் பகுப்பாய்வு போன்றவற்றுக்கு 12 வாரம் போதாது. அவற்றுக்கு வெளி நிபுணர்களோடு முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொண்டு, அவர்கள் தந்த தொலைபேசி எண்ணை ஒருமுறை இரவில் அழைத்துப் பாருங்கள். அந்த எண்ணைக் காகிதத்தில் அச்சிட்டும் வையுங்கள். தேவைப்படும் நாளில் உங்கள் மின்னஞ்சல் திறக்காமல் போகலாம்.