போர் தண்ணீரில் குரோமியம்: எப்படிச் சோதிப்பது?

தோல் ஆலைக் கழிவால் நிலத்தடி நீரில் குரோமியம் என்ற உலோகம் கலந்திருக்கக்கூடிய ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் போர் தண்ணீர் குடிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. டிடிஎஸ் மீட்டரில் எண் குறைவாக வந்தால் தண்ணீர் சுத்தம் என்று நம்பிவிடாதீர்கள். அது கரைந்த உப்பின் மொத்த அளவை உத்தேசமாகத்தான் காட்டும். குரோமியத்துக்கான இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், இவ்வளவு சின்ன அளவு அந்த மீட்டருக்குத் தெரியவே தெரியாது.

ஆய்வகத்தில் வெறுமனே "தண்ணீர் டெஸ்ட்" என்று கேட்டால் பெரும்பாலும் பிஹெச், கடினத்தன்மை, குளோரைடு என்று பார்த்துக் கொடுத்துவிடுவார்கள். மொத்த குரோமியம், அதன் ஒரு வடிவமான ஹெக்சாவேலன்ட் குரோமியம் இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். இரண்டாவதுதான் அதிக நச்சு. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் முதலில் விசாரிக்கலாம்.

மாதிரி எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மேல்நிலைத் தொட்டியில் பிடிக்காதீர்கள். மோட்டாரைப் போட்டு ஐந்து, பத்து நிமிடம் ஓடவிட்டு, போரிலிருந்து நேராக வரும் தண்ணீரைப் பிடியுங்கள். எவர்சில்வர் சொம்பு, பித்தளைக் குடம் வேண்டாம்; ஆய்வகம் தரும் பிளாஸ்டிக் பாட்டில்தான் சரி. ஐஸ் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், கொதிக்க வைத்தால் குரோமியம் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும்.