காய்ந்த செடியை எறியும் முன் ஒரு ராத்திரி பொறுங்கள்

பாறைத் தோட்டத்தில் பழுப்பாகச் சுருண்டு கிடக்கும் காட்டுச்செடியைப் பிடுங்கி எறியாதீர்கள், ஒரு குச்சியை ஒடித்து ராத்திரி முழுக்கத் தண்ணீரில் நிறுத்தி வையுங்கள், மறுநாள் இலை விரிந்து பச்சை காட்டினால் செடி சாகவில்லை, புதுச்செடி வாங்கும் ராண்ட் உங்களுக்கு மிச்சம்.

வறட்சியைச் சமாளிக்க இரண்டு வழி உண்டு. தென்னாப்பிரிக்காவின் கேப் பக்கம் தரையோடு ஒட்டி வளரும் ரிக்சியா என்ற லிவர்வொர்ட் (பார்க்கப் பாசி மாதிரி இருக்கும்) கோடையில் தன் நீரையெல்லாம் விட்டுவிட்டுக் கறுத்துச் சுருண்டு கிடக்கும், மழை பட்டதும் விரியும். லிம்போபோ பாறைகளில் வளரும் மிரோதாம்னஸ் புதரும் அதே வகை, மேலே சொன்ன சோதனை அதற்குத்தான் அருமையாகப் பலிக்கும். கலஹாரி மணலில் வாழும் ஜெர்பில் எலி நேர் எதிர். உடம்பு காய்ந்தால் அதற்குச் சாவுதான், அதனால் பகலெல்லாம் வளைக்குள் பதுங்கி, தின்ற விதையிலிருந்து உடம்புக்குள்ளேயே உண்டாகும் நீரைச் சிந்தாமல் காத்து, சிறுநீரைக் கெட்டியாக்கி வெளியேற்றுகிறது. என்ன ஒரு சிக்கனம்!

கற்றாழையும், சதைப்பற்றுள்ள ஸ்பெக்பூம் செடியும் எலியைப் போல நீரைக் காப்பவை, அவற்றை ஊறவைத்தால் அழுகிவிடும். நம் டர்பன் வீட்டு முற்றத்துக் கறிவேப்பிலைக்கும் இது ஆகாது. அதற்குப் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் வேருக்குத் தண்ணீர் விடுங்கள்.