வளரிளம் பருவத்தினரை வேப் பழக்கத்திலிருந்து காக்க ஊர்கூடிச் செய்யவேண்டியவை

வேப் எனப்படும் மின் சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் ஆகிய அனைத்தையும் இந்திய அரசு 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம் கொண்டுவந்து தடை செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் அது நாடாளுமன்றச் சட்டமானது. தமிழ்நாடு அதற்கு முன்பாகவே, 2018-இல், தடை விதித்திருந்தது. இருந்தும் பதின்ம வயதுப் பிள்ளைகளின் கைக்கு வேப் வந்து சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது. சமூக ஊடகக் கணக்குகள் வழியாகவும், தெரிந்தவர் மூலம் தெரிந்தவருக்குக் கைமாறியும் நடக்கும் இந்த வியாபாரம் பெரியவர்களின் கண்ணில் படுவதில்லை. பட்டாலும், அது என்ன பொருள் என்று பெரும்பாலானோருக்குப் புரிவதில்லை. ஆகவே ஒரு தெருவோ, ஊரோ, அடுக்குமாடிக் குடியிருப்போ தன் பிள்ளைகளைக் காக்க நினைத்தால், விழிப்புணர்வுப் பணியைப் பெரியவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும். தமிழ்நாட்டுச் சூழலை மனத்தில் வைத்து, அதை எப்படிச் செய்யலாம் என்று இங்கே விளக்குகிறேன்.

குழுவும் காலமும்

தொடங்குவதற்கு ஆறேழு பேர் போதும். அரசுப் பள்ளியானால் பள்ளி மேலாண்மைக் குழு ஏற்கெனவே இருக்கிறது. அதில் பெரும்பான்மையினர் பெற்றோர் என்பதால் அதையே அடித்தளமாகக் கொள்ளலாம். தனியார் பள்ளிகள் உள்ள நகரப் பகுதியில் குடியிருப்போர் நலச் சங்கம் அந்த இடத்தை நிரப்பும். அவர்களோடு ஓர் ஆசிரியரும், கிராம அல்லது நகர்ப்புற சுகாதார செவிலியரும், மகளிர் சுயஉதவிக் குழுவில் ஒருவரும் இருக்கட்டும். இவர்களைத் தவிர, வழக்கமாக எவரும் அழைக்காத மூவரை நான் வலியுறுத்திச் சேர்க்கச் சொல்வேன்: பள்ளிக்கு அருகில் கடை வைத்திருப்பவர், பள்ளி வேன் அல்லது ஆட்டோ ஓட்டுநர், பிள்ளைகளோடு மைதானத்தில் விளையாடும் கல்லூரி வயது அண்ணனோ அக்காவோ ஒருவர். பள்ளி மணி அடித்ததிலிருந்து வீட்டுக் கதவு திறக்கும் வரையிலான நேரத்தில் பிள்ளைகளைப் பார்ப்பவர்கள் இவர்களே.

மே 31 உலகப் புகையிலை ஒழிப்பு நாள். ஆனால் அது தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கோடை விடுமுறைக்குள் விழுகிறது. அன்று பேரணி நடத்தினால் நடப்பவர்கள் அதிகாரிகளாக மட்டுமே இருப்பார்கள். பள்ளி திறந்து வகுப்புகள் சீரான ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ பெற்றோர் கூட்டத்தை வைத்து, பிள்ளைகளுக்கான அமர்வுகளை அடுத்தடுத்த வாரங்களில் நடத்துவதே பயன் தரும். ஊராட்சிப் பகுதியானால் ஆகஸ்ட் 15 கிராம சபையில் இதை ஒரு பொருளாக வைத்துத் தீர்மானம் நிறைவேற்றலாம். தீர்மானம் இருந்தால் பின்னர் காவல் நிலையத்துக்குச் செல்லும் மனுவுக்கு வலு கூடும்.

பெற்றோர் கூட்டத்தில் என்ன சொல்வது

முதலில் பொருளை அடையாளம் காட்ட வேண்டும். அதற்காக உண்மையான கருவியை எங்கிருந்தும் வாங்கி வரக் கூடாது, அது சட்டமீறல். அதே அளவில் அச்சிட்ட படங்கள் போதுமானவை. பென் டிரைவ் போலவும், ஹைலைட்டர் பேனா போலவும், சிறிய வாசனைத் திரவியப் புட்டி போலவும் வேப்கள் வருகின்றன. கைபேசி சார்ஜரிலேயே பலவற்றை சார்ஜ் செய்துகொள்ளலாம். சாம்பல் இல்லை, பீடி சிகரெட் நாற்றம் இல்லை. மாம்பழம், புதினா, பபுள்கம் வாசனை சில நிமிடங்களில் கலைந்துவிடும். இதனால்தான் பூட்டிய குளியலறைக்குள்ளும் வகுப்பின் கடைசி வரிசையிலும் அதை எவருக்கும் தெரியாமல் இழுக்க முடிகிறது.

அடுத்து, உள்ளே நடப்பதை எளிமையாக விளக்க வேண்டும். பேட்டரி ஒரு கம்பிச் சுருளைச் சூடாக்குகிறது. புரோபிலீன் கிளைக்கால், கிளிசரின், புகையிலையில் உள்ள அடிமைப்படுத்தும் பொருளான நிக்கோட்டின், நறுமணப் பொருள்கள் கலந்த திரவம் அந்தச் சூட்டில் நுண்துளிகளாகிறது. பிள்ளைகள் நம்புவதுபோல் அது வெறும் நீராவி அன்று. நிக்கோட்டினோடு ஃபார்மால்டிஹைடு போன்ற வேதிப்பொருள்களும், சூடான கம்பியிலிருந்து நிக்கல், ஈயம் போன்ற உலோகத் துகள்களும் அதில் கண்டறியப்பட்டுள்ளன. இன்றைய கருவிகளில் பெரும்பாலும் நிக்கோட்டின் உப்பு என்ற வடிவம் பயன்படுகிறது. பென்சாயிக் அமிலம் போன்றவற்றைச் சேர்ப்பதால் தொண்டையில் காரம் தெரியாமல் அதிக நிக்கோட்டின் உள்ளே போகிறது. சிகரெட்டின் முதல் இழுப்பில் வரும் இருமலும் எரிச்சலும் பல பிள்ளைகளை அங்கேயே நிறுத்தியிருக்கின்றன. அந்த இயற்கையான தடையை இந்தக் கருவி நீக்கிவிட்டது என்பதுதான் பெற்றோருக்குச் சொல்லவேண்டிய முதன்மையான செய்தி. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் நிக்கோட்டின் என்பதே உச்சவரம்பு; 5 சதவீதம் என்று எழுதப்பட்டுக் கள்ளச் சந்தையில் வருபவற்றில் ஏறத்தாழ 50 மில்லிகிராம் இருக்கும். நிக்கோட்டின் இல்லை என்று எழுதப்பட்ட சிலவற்றிலும் அது இருந்ததை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. மூளையின் வளர்ச்சி 25 வயது வரை தொடர்வதால், அதற்கு முன் பழகும் நிக்கோட்டின் கவனத்தையும் மனநிலையையும் பாதிக்கிறது. அடிமைத்தனமும் விரைவில் பற்றிக்கொள்கிறது.

அறிகுறிகளைப் பற்றிப் பேசும்போது நிதானம் வேண்டும். அடிக்கடி தாகம், காரணமில்லாத எரிச்சல், அரைமணிக்கொருமுறை அறையை விட்டு எழுந்து போவது, படிப்பில் கவனம் சிதறுவது ஆகியவை வேப் பழக்கத்தில் தோன்றலாம். தேர்வு அச்சத்திலும் காதல் மனவருத்தத்திலும் தோன்றலாம். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையின் பையைத் துழாவுங்கள் என்று எந்தப் பெற்றோருக்கும் சொல்லாதீர்கள். நம்பிக்கை ஒருமுறை போய்விட்டால், பிள்ளை அடுத்த முறை மறைக்கும் இடம் இன்னும் ஆழமானதாக இருக்கும்.

கூட்டத்தின் பாதி நேரத்தை ஒரே ஒரு பயிற்சிக்கு ஒதுக்குங்கள். மகனின் சட்டைப் பையில் கருவி கிடைத்துவிட்டது; இப்போது என்ன பேசுவது? இரண்டு பெற்றோரை எதிரெதிரே உட்கார வைத்து ஒருவர் தாயாகவும் ஒருவர் மகனாகவும் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலோர் வாயில் முதலில் வருவது "மானத்த வாங்கிட்டியேடா" என்பதாகத்தான் இருக்கும். அந்த ஒரு சொல்லோடு மகன் வாய் திறப்பதை நிறுத்திவிடுகிறான். மாறாக, "இது உன் சட்டைல இருந்துச்சுப்பா. நான் அடிக்கமாட்டேன், கத்தமாட்டேன். எவ்வளவு நாளா பழக்கம்னு மட்டும் சொல்லு" என்று சொல்லிவிட்டு, பதில் வரும் வரை பேசாமல் இருக்கப் பழக வேண்டும். அந்த மௌனத்தைத் தாங்குவதுதான் கடினம். பாத்திரம் துலக்கும் சாக்கிலோ கைபேசியைப் பார்க்கும் சாக்கிலோ அதைக் கலைக்காமல் உட்கார்ந்திருப்பதையும் சேர்த்தே பயில வேண்டும். யார் கொடுத்தது என்ற கேள்வி அன்றைக்கு வேண்டாம். நண்பனைக் காட்டிக்கொடுக்கச் சொல்வதாகவே அது பிள்ளையின் காதில் விழும்.

பிள்ளைகளோடு

ஏழாம், எட்டாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுங்கள்; பழக்கம் பற்றிய பின் வரும் அறிவுரைக்குப் பலன் குறைவு. பள்ளி முழுவதையும் வெயிலில் உட்காரவைத்து ஒலிபெருக்கியில் பேசுவதைத் தவிர்த்து, இருபது இருபத்தைந்து பேராக அமர்த்துங்கள். அச்சமூட்டும் படங்களை நம்பாதீர்கள். அமெரிக்காவில் 1980-களில் தொடங்கி, காவலர்கள் பள்ளிக்கு வந்து போதைக்கு எதிராகப் பாடம் நடத்திய டேர் திட்டத்தைப் பல ஆய்வுகள் அளந்து பார்த்தபோது, நீண்டகால விளைவு ஏதும் தென்படவில்லை. அதே நாட்டில் 1998-இல் ஃபுளோரிடா மாநிலம் வேறு வழியை எடுத்தது: புகையிலை நிறுவனங்கள் உங்களை எப்படி வலைவீசிப் பிடிக்கின்றன பாருங்கள் என்று இளைஞர்களையே பேசவைத்தது, மாணவர்களிடையே புகைப்பழக்கம் குறைந்தது. பதின்ம வயதினருக்கு அறிவுரை பிடிக்காது. ஏமாற்றப்படுவது அதைவிடப் பிடிக்காது. இளையோரைக் குறிவைத்து விளம்பரம் செய்த குற்றச்சாட்டுக்காக ஜூல் என்ற வேப் நிறுவனம் 2022-இல் முப்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்க மாநிலங்களுக்கு ஏறத்தாழ 44 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டதைச் சொல்லி, மிட்டாய்ச் சுவையும் பளிச்சென்ற நிறமும் யாருக்காக என்று அவர்களையே கேளுங்கள்.

மிகைப்படுத்தவே கூடாது. 2019-20-இல் அமெரிக்காவில் வேப் தொடர்பான நுரையீரல் பாதிப்பால் 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும் 68 பேர் இறந்ததும் உண்மை. அதற்கு முதன்மைக் காரணம், கஞ்சாவின் வேதிப்பொருள் சேர்ந்த திரவங்களில் கலக்கப்பட்ட வைட்டமின் இ அசிட்டேட் என்பதும் உண்மை. பாதியை மறைத்தால், இடைவேளைக்குள் கைபேசியில் மீதியைத் தேடிப் படித்துவிட்டு, நீங்கள் சொன்ன மற்றவற்றையும் தள்ளிவிடுவார்கள். "இங்கிலாந்துல டாக்டருங்களே வேப் அடிக்கச் சொல்றாங்களாமே" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். ஏற்கெனவே சிகரெட்டுக்கு அடிமையான பெரியவர்கள் அதை விடுவதற்கு ஒரு வழியாக அங்கே பரிந்துரைக்கிறார்கள், புகைக்காதவர் தொடங்கக் கூடாது என்றும் சேர்த்தே சொல்கிறார்கள், 18 வயதுக்குட்பட்டவருக்கு அங்கும் விற்கக் கூடாது, ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப்களை 2025 ஜூன் முதல் அங்கும் தடை செய்துவிட்டார்கள் என்று முழுமையாகப் பதில் சொல்லுங்கள்.

பிறகு மறுக்கும் பயிற்சி. நண்பன் நீட்டும்போது நீளமான விளக்கம் எடுபடாது. "வேணாம் மச்சி, நாளைக்கு மேட்ச் இருக்கு", "எனக்கு செட் ஆகாது, விடுடி" என்பது போன்ற சிறிய வாக்கியங்களை அவர்களே உருவாக்கிச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கட்டும். இதைக் கல்லூரி வயது அண்ணன் அக்காவிடம் விட்டுவிட்டு ஆசிரியர்கள் சற்று வெளியே இருப்பது நல்லது.

ஏற்கெனவே பழகியவர்களுக்கு

ஒவ்வோர் அமர்விலும் ஏற்கெனவே பழகிய பிள்ளை ஒன்றாவது இருக்கக்கூடும் என்று எண்ணியே பேசுங்கள். முதல்முறை சிக்கியவருக்கு இடைநீக்கமோ மாற்றுச் சான்றிதழோ கிடையாது என்று பள்ளி முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். அந்த உறுதி இல்லாத பள்ளியில் எந்தப் பிள்ளையும் உதவி கேட்டு வராது. நிறுத்திய பின் முதல் இரண்டு மூன்று நாள்கள் எரிச்சலும் தூக்கமின்மையும் உச்சத்தில் இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் படிப்படியாகத் தணியும். இது வீட்டாருக்கும் தெரிந்திருந்தால் அந்த நாள்களின் முரட்டுத்தனத்தைத் திமிர் என்று எண்ணமாட்டார்கள். புகையிலைப் பழக்கத்தைக் கைவிட உதவும் தேசிய இலவச எண் 1800-11-2356. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. இரண்டிலும் தமிழில் பேசலாம். நிக்கோட்டின் சூயிங்கத்தை மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள், மருத்துவரைப் பாருங்கள்.

விற்பவர் விவகாரம் வேறு. சட்டம் விற்பவரையும் இருப்பு வைப்பவரையுமே முதன்மையாகக் குறிவைக்கிறது: முதல்முறை விற்றால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், மீண்டும் விற்றால் 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும். காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகவோ, மத்திய சுகாதார அமைச்சகம் 2023-இல் இதற்கெனத் தொடங்கிய இணையத்தளத்திலோ புகார் அளிக்கலாம். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் எந்தப் பிள்ளையின் பெயரும் படமும் வரக் கூடாது என்பதைக் குழு முதல் நாளிலேயே விதியாக்கிவிட வேண்டும்.

மாலை நேரம்

ஐஸ்லாந்தில் 1998-இல் 15, 16 வயது மாணவர்களில் 23 சதவீதம் பேர் தினமும் புகைத்தார்கள். 2016-இல் அது 3 சதவீதம். அங்கே ஒவ்வோர் ஊரிலும் ஆண்டுதோறும் மாணவர்களிடம் கருத்துக் கேட்டார்கள், விளையாட்டுக்கும் இசைக்கும் அரசுப் பணம் ஒதுக்கினார்கள், பெற்றோர் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு பிள்ளைகளோடு நேரம் செலவிட்டார்கள். நம் ஊரில் அந்த அளவுக்குப் பணம் இல்லாமல் போகலாம். ஆனால் பூட்டிக் கிடக்கும் பள்ளி மைதானத்தை மாலை ஆறரை வரை திறந்துவைக்கத் தலைமையாசிரியரிடம் பேசுவதும், கிளை நூலகத்தில் சனிக்கிழமைகளில் ஒரு சதுரங்கப் பலகை போடுவதும் குழுவால் முடிந்த காரியங்களே.

பணி தொடங்கும் முன்பும் ஆறு மாதம் கழித்தும் பெயரெழுதாத சீட்டுகளில் மூன்று கேள்விகளுக்குப் பிள்ளைகளிடம் பதில் வாங்குங்கள்: கடந்த 30 நாள்களில் வேப் இழுத்தாயா, யாராவது உன்னிடம் நீட்டினார்களா, சிக்கலில் மாட்டினால் வீட்டில் யாரிடம் சொல்வாய். சீட்டுகளை வகுப்பாசிரியர் பார்க்காமல் செவிலியர் எண்ணட்டும். முதல் கேள்விக்கான எண்ணிக்கை ஆறு மாதத்தில் பெரிதாக மாறாமல் இருக்கலாம். மூன்றாவது கேள்விக்கு "யாரிடமும் இல்லை" என்று எழுதியவர்கள் குறைந்திருக்கிறார்களா என்று பாருங்கள்; குறையவில்லையென்றால் அடுத்த சுற்றைப் பெற்றோர் கூட்டத்திலிருந்தே மறுபடி தொடங்க வேண்டும்.